அளவுத் தண்ணீர்

செங்கல் சூளையைப் பிரிக்க இன்னும் இரண்டு நாளாவது பொறுத்திருக்க வேண்டும். அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அது தெரியும். முதலாளி தாமோதரனுக்கும் தெரியும். ஆனால் கல் ஏற்ற லாரி வந்து செய்யாற்றுக் கரையில் நின்றுவிட்டது. காஞ்சிபுரத்தில் மேஸ்திரியும் ஆட்களும் கல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல் வரிச ஆறிக்கீதுப்பா. அத்த மட்டும் எட்த்துக் குடுங்க, போதும்" என்றார் தாமோதரன்.

மேல் வரிசையை எடுத்தால் அடுத்த வரிசை வாய் திறந்துகொள்ளும். உள்ளே அடைந்து கிடந்த அனலெல்லாம் அந்த வழியாக ஆளின் முகத்துக்கு ஏறும். எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கத்திரி வெயில் வேறு. பெருநகர் கிராமத்தை ஒட்டிய ஆற்றில் அந்த வருஷம் தண்ணீர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊற்று தோண்டினால்தான் குடம் நிறையும்.

சூளையின் மேலே நின்று கல்லை உருவிக் கொடுப்பது அருள்தாஸின் வேலை. டயர் ட்யூபை வெட்டி இரண்டு உள்ளங்கையிலும் கட்டியிருந்தான். பாதி உயரத்தில் நின்ற செங்கேணி கல்லை வாங்கிக் கீழே தள்ளுவான். அருள்தாஸின் மனைவி ஞானசுந்தரியும் மற்றப் பெண்களும் சும்மாட்டின் மேல் பலகை வைத்து, கல்லை அடுக்கிக்கொண்டு லாரிக்கு நடப்பார்கள். கல்லின் சூடு பலகையைத் தாண்டி, சும்மாட்டைத் தாண்டி, மண்டையில் இறங்கும்.

அருள்தாஸ் அன்று வேலைக்கு வந்திருக்கவே கூடாது. முந்தின நாள் முழுக்க அவனுக்கு வயிற்றுப்போக்கு. சந்தையில் வாங்கிய கருவாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஓடையோரம் போவதும் வந்து சுருண்டு படுப்பதுமாக இருந்தான். நாக்கு வறண்டு தண்ணீர் கேட்டான். பக்கத்து வீட்டில் இருந்த அவனுடைய அக்கா மார்த்தாள் வாசலில் நின்றபடியே சொன்னாள்:

"தண்ணி காட்டாத சுந்தரி. பேதியில தண்ணி குட்த்தா அதுவும் சேந்து ஊத்திக்கினு பூடும். வாய ரவ நனச்சிவுடு, போதும்."

அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஞானசுந்தரியும் ஈரத் துணியால் அவன் உதட்டைத் துடைத்துவிட்டாள். பொழுது சாய வயிற்றுப்போக்கு நின்றது. தண்ணீர் கொடுக்காததால்தான் நின்றது என்று நினைத்தாள். காலையில் கூழைக் கரைத்துக் கொடுத்தபோது பாதியைக் குடித்துவிட்டுப் பாத்திரத்தைத் தள்ளினான்.

"இன்னிக்கி வூட்லயே கெடய்யா" என்றாள்.

"லாரி வந்துகீதுன்னு ஆளு வுட்டுக்கீறாரு. நான் போவாங்காட்டி மேல எவன் ஏறுவான்?" என்று ட்யூபை எடுத்துக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது செங்கேணிதான் முதலில் கவனித்தான். மற்றவர்களுக்கெல்லாம் வேர்வை வழிந்து கோவணம் வரை நனைந்திருந்தது. அருள்தாஸின் முதுகில் மட்டும் ஈரமில்லை. செங்கல் தூள் அவன் தோலில் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. கல் கொடுக்கும் கை நின்று நின்று வந்தது.

"இன்னா அருளு, நின்னுட்ட?"

"மாட்ட அவுத்து உள்ள கட்டு. மய வருது" என்றான் அருள்தாஸ்.

"இன்னா மய? இன்னா மாடு? உன்னாண்ட மாடு ஏதுடா?"

அருள்தாஸ் சிரித்தான். அடுத்த கல்லை எடுக்கக் குனிந்தவன், குனிந்தபடியே சூளையின் சரிவில் சாய்ந்தான். செங்கேணி அவன் காலைப் பிடித்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். இறங்கும்போதே கத்தினான்: "நெருப்பு மாரி சுடுதுடா ஒடம்பு!"

ஞானசுந்தரி பலகையைக் கல்லோடு போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் கண் மேலே செருகியிருந்தது. கழுத்தைத் தொட்ட கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றாள் ஒருத்தி. கோணியால் போர்த்தினால் ஜுரம் இறங்கும் என்றாள் இன்னொருத்தி. கல் நனைக்கும் தொட்டியில் கலங்கல் தண்ணீர் பாதி இருந்தது. ஞானசுந்தரி ஒரு குடத்தை முக்கி எடுத்து அவன் தலையோடு கால் ஊற்றினாள்.

"ஊத்தாதமே, ஜன்னி இஸ்துக்கும்!" என்று செங்கேணி தடுக்கப் பார்த்தான்.

"வுடு. எரியறத அணைக்காம இன்னா பண்ணுவாங்க?" என்று மறுபடியும் முக்கினாள்.

தாமோதரன் ஓடி வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. லாரிக்காரனைப் பார்த்து, "உத்திரமேரூருக்கு வுடு" என்றார். பாதி ஏற்றிய கல்லின் மேல் ஈரக் கோணிகளை விரித்து அருள்தாஸைக் கிடத்தினார்கள். ஞானசுந்தரி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, குடத்திலிருந்து கை கையாக அள்ளித் தெளித்துக்கொண்டே போனாள். வழியில் அவனுக்கு வலிப்பு வந்தது. செங்கேணி அவன் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தன் சாமியையும் அவர்கள் சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வரதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமல் எழுந்து வந்தார். கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். அன்று யாரையும் திட்டவில்லை. சோடாக் கடைக்கு ஆள் அனுப்பி ஐஸ் கட்டி வாங்கிவரச் சொன்னார். வேட்டியை நனைத்துப் போர்த்தி, ஃபேனுக்கு அடியில் கட்டிலை இழுத்துப் போட்டு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் கட்டியை வைத்தார்கள். நர்ஸ் சுலோச்சனா நரம்பு தேடித் தேடி ஊசியை ஏற்றினாள். பாட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

சாயங்காலத்துக்குள் உடம்பு தணிந்தது. மறுநாள் காலையில் அருள்தாஸ் கண்ணைத் திறந்து, "சுந்தரி, இது யார் வூடு?" என்று கேட்டான்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். இனி பயமில்லை என்று நினைத்தாள். கட்டில் கட்டிலாக வந்துகொண்டிருந்த டாக்டரிடம், "ஐயா, பேசிட்டாரு, பேசிட்டாரு" என்றாள்.

டாக்டர் அவன் கண்ணை இழுத்துப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். அப்புறம், "ஒண்ணுக்குப் போனாரா?" என்று கேட்டார்.

"ரவ போனாருங்க. கடுங்காப்பி கணக்கா இருந்துச்சு. ஒரு கைப்பிடி கூட இல்ல."

"அதுக்கப்புறம்?"

"இல்லீங்க."

டாக்டர் சுலோச்சனாவைப் பார்த்தார். அந்தப் பார்வை ஞானசுந்தரிக்குப் பிடிக்கவில்லை.

"பேதியாச்சுன்னு சொன்னியே, தண்ணி குடிச்சாரா அன்னிக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "குடுக்கலீங்க. குடுக்கக் கூடாதுன்னாங்க."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. உடம்புல எதுவும் தனியா வேலை செய்யறதில்லை. வெயில் ஏறினா மூளை தோலுக்குச் சொல்லும், வேர்வை விடுன்னு. வேர்வைக்குத் தண்ணி எங்கேர்ந்து வரும்? ரத்தத்துலேர்ந்து. ரத்தம் சுண்டினா நெஞ்சு வேகமா அடிச்சு ஈடு கட்டும். சிறுநீரகம் மூத்திரத்தை அடக்கித் தண்ணியை மிச்சம் பிடிக்கும். நாக்கு வறண்டு, தண்ணி குடு தண்ணி குடுன்னு கேக்கும். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு விட்டுக்கொடுத்துத்தான் நம்மை நிறுத்தி வச்சிருக்கு. இவருக்குப் பேதியில தண்ணியும் போச்சு, உப்பும் போச்சு. திரும்ப உள்ள எதுவும் போகலை. அதோட சூளை மேல ஏறிட்டார். தோல் கையை விரிச்சிடுச்சு. சூடு உள்ளயே நின்னு சதையை அவிச்சிருக்கு. அந்தக் கழிவெல்லாம் போய்ச் சிறுநீரகத்தை அடைச்சிருக்கு."

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்ப இப்ப நெறய தண்ணி குடுக்கறேங்க" என்றாள்.

"கூடாது. முதல் நாள் வேண்டியதைப் பாட்டில்ல ஏத்தியாச்சு. இப்ப உள்ள போற தண்ணி வெளிய வர வழியில்லை. அதிகமா குடுத்தா நுரையீரல்ல ஏறி மூச்சு முட்டும். சிஸ்டர் அளந்து குடுக்கறதுதான் தண்ணி. வேற ஒரு சொட்டு கூடாது. பழம் கூடாது, இளநீர் கூடாது. மூத்திரம் பிரியணும். அதுக்காகத்தான் காத்திருக்கோம்."

"பிரியலன்னா?"

"மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் அங்கதான் இருக்கு. இடம் கேட்டுச் சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு ஞானசுந்தரிக்கு வேறு நினைப்பு இல்லை. கட்டிலுக்கு அடியில் பீங்கான் பாத்திரம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்தாஸ் அசைந்தால், "வருதாய்யா?" என்பாள். அவன் தலையை ஆட்டுவான். வெறும் பாத்திரத்தை எடுத்துக் கழுவி வந்து மறுபடியும் வைப்பாள்.

அவனோ தண்ணீரைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. சுலோச்சனா அளந்து வைத்துவிட்டுப் போகும் தண்ணீரை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து நக்குவான்.

"இன்னும் ரவ, சுந்தரி."

"கூடாதுய்யா. டாக்டரு சொல்லிக்கீறாரு."

"தொண்ட ஒட்டிக்கினு கீதுமே. நாய்க்கு ஊத்தற மாரி ஊத்தேன்."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். அன்றைக்கும் இப்படித்தானே கேட்டான் என்று இருக்கும். அன்றைக்கு ஊற்றியிருந்தால் இப்படி விழுந்திருக்க மாட்டான். இன்றைக்கு ஊற்றினால் போய்விடுவான். தண்ணீர் அதே தண்ணீர்தான், கேட்கிற வாயும் அதே வாய்தான். எப்படி ஒரு பெண்பிள்ளை இதைப் புரிந்துகொள்வது?

இரண்டாம் நாள் அவன் முகம் உப்பியது. கண் இமை தடித்தது. சுலோச்சனா அவன் கெண்டைக்காலுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. அவள் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மார்த்தாள் வந்து இறங்கினாள். இடுப்பில் ஒரு கோணிப்பை. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ணி வச்சிக்கீற என் தம்பிய? ஒதடு வெடிச்சிக் கீது பாரு. வாயில தண்ணி ஊத்தறதுக்குக் கூட ஆளில்லாம பூட்டானா?"

"கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க அண்ணி. ஒண்ணுக்கு நின்னுக்கீது."

"தண்ணி உள்ள போனாதானடி ஒண்ணுக்கு வரும்! காய்ஞ்ச கெணத்துல மாடு கட்டிக் கவலை எறச்சா இன்னா வரும்? சூட்டுக் கடுப்புடி இது. இது கூடத் தெரியாமயா நாங்க புள்ள பெத்து வளத்தோம்?"

ஞானசுந்தரிக்கு அண்ணி சொல்வதுதான் நியாயமாகத் தெரிந்தது. அழுக்குத் துணிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். துணியைக் கசக்கும்போதே மனம் நிலைகொள்ளவில்லை. பாதியில் போட்டுவிட்டு ஈரக் கையோடு வார்டுக்குத் திரும்பினாள்.

மார்த்தாள் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். சீவின இளநீர் ஒன்று அவள் கையில் இருந்தது. அருள்தாஸின் வாய் அதை நோக்கி நீண்டிருந்தது.

ஞானசுந்தரி ஓடிப்போய்த் தட்டிவிட்டாள். இளநீர் சுவரில் மோதித் தரையில் உருண்டது. தண்ணீர் அடுத்த கட்டில் வரை ஓடியது.

"அடிப் பாவி!" என்று எழுந்தாள் மார்த்தாள். "பெத்தவ இல்லாத புள்ள, நான் தூக்கி வளத்தவன்டி அவன். நீ நேத்து வந்தவ. அவன் சாவணும்னு காத்துக்கினு கீறியா?"

"ஆமா, நேத்து வந்தவதான்!" ஞானசுந்தரியின் குரல் வார்டையே நிமிர வைத்தது. "அன்னிக்கி அவுரு தண்ணி தண்ணின்னு கேட்டப்போ குடுக்காதன்ன. நீ பெரியவளாச்சேன்னு நானும் குடுக்கல. இன்னிக்கி குடுன்ற. நான் குடுக்க மாட்டேன் அண்ணி. ஒனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. தெரிஞ்சவரு சொல்றத ஒரு தபா கேட்டுத்தான் பாப்போமே!"

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். தரையைப் பார்த்தார். இளநீர்க் குடுக்கையைப் பார்த்தார்.

"யார் கொண்டு வந்தது?"

"நான்தாங்க" என்றாள் மார்த்தாள். "எளநி குளிர்ச்சிங்க. எல்லாருக்கும் குடுக்கறதுதானே?"

"நல்லதுதான். உங்களுக்கு நல்லது, எனக்கு நல்லது. சிறுநீரகம் வேலை செய்யற எல்லாருக்கும் நல்லது. அதுல ஒரு உப்பு இருக்கு. மிஞ்சினதை நாம மூத்திரத்துல தள்ளிடுவோம். இவரால தள்ள முடியாது. அது ரத்தத்துல ஏறினா நெஞ்சு நின்னுடும். அப்படியே, பேசிக்கிட்டு இருக்கும்போதே."

மார்த்தாள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா..." என்றாள். "இது ரெண்டாவதுங்க. இவ கொயாயாண்ட போனதும் ஒண்ணு குட்த்துட்டேன். முழுசாக் குடிச்சிட்டான்."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவன் நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கண்ணைத் திறந்ததும் ஊசி மருந்து கொண்டுவரச் சொன்னார். சுலோச்சனா ஊசி மருந்தோடு ஓடி வந்தாள். அவர் அதை மெல்ல மெல்ல, நாடியைப் பிடித்தபடியே ஏற்றினார்.

"தட்டுத் தட்டி அடிக்குது. பக்கத்துலயே இருங்க சிஸ்டர். மாறினா உடனே கூப்பிடுங்க" என்றார். 

அந்தப் பகல் நகரவில்லை. ஃபேன் ஒரு சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. அருள்தாஸ் தூங்குகிறானா மயங்கிக் கிடக்கிறானா என்று தெரியவில்லை. ஞானசுந்தரி அவனுடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மார்த்தாள் வந்து இன்னொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அது துடிப்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. ஒரு துடிப்பு தாமதித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள்.

"என்ன நாலு அடி அடி சுந்தரி" என்றாள் மார்த்தாள். "செருப்பால அடி."

"சும்மா இரு அண்ணி."

"என் கையாலயே..."

"நான் மட்டும் இன்னா பண்ணேன்? ஒதட்டத் தொடச்சிவுட்டுட்டு உக்காந்துக்கினு இருந்தேன். பேசாம புடி. அடிக்குதா அங்க?"

"அடிக்குது."

"இங்கயும் அடிக்குது."

செங்கேணி பொழுது சாய வந்தான். ரொட்டியும் டீயும் வாங்கி வைத்தான். யாரும் தொடவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டர் வந்து மறுபடியும் கேட்டுப் பார்த்துவிட்டு, "இப்பப் பரவால்லை. ஆனா இனிமே இங்க வச்சிருக்க முடியாது. காலையில ஜீப் வந்துடும். மெட்ராஸுக்குக் கிளம்பத் தயாரா இருங்க" என்றார்.

மெட்ராஸை அவர்கள் இருவரும் பார்த்ததில்லை. போனவர்கள் திரும்பி வருவார்களா என்று டாக்டரிடம் கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

விடிந்தபோது மார்த்தாள் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து வேப்பமரத்தடியில் நின்றுவிட்டிருந்தது. ட்ரைவர் கீழே இறங்கிப் பல்குச்சியை ஒடித்துக்கொண்டிருந்தான்.

"சுந்தரி" என்றான் அருள்தாஸ். "அடிவயிறு இன்னாமோ பண்ணுது."

அவள் பாத்திரத்தை எடுத்து வைத்தாள். வைத்த அவசரத்தில் அது கட்டில் சட்டத்தில் மோதியது. முதலில் ஒன்றுமில்லை. அவன் முகம் சுளித்தது. பிறகு சில சொட்டுகள் விழும் சத்தம். நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுபடியும் வந்தது. மெல்லிய ஓட்டமாக, நிற்காமல் வந்தது. பழுப்பு நிறம். பாத்திரத்தின் அடி மறைந்து, அதற்கு மேலும் ஏறியது.

"அண்ணி!"

மார்த்தாள் மூட்டையைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஞானசுந்தரியின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல், வார்டின் நடுவே நடந்தாள்.

"என் தம்பி ஒண்ணுக்குப் போய்ட்டான்! நைனா, பாருங்க, என் தம்பி போய்ட்டான்!" என்று ஒவ்வொரு கட்டிலிலும் காட்டிக்கொண்டே போனாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. கால் உடைந்து கிடந்த ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்து கை கூப்பினார்.

டாக்டர் வராந்தாவிலேயே அவளை எதிர்கொண்டார். பாத்திரத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ட்ரைவரை நோக்கி, "ரவ நேரம் இருப்பா" என்றார். எப்போதும் சுத்தமாகப் பேசுகிறவர் அன்று அந்த ஊர்ப் பேச்சைப் பேசியது அவருக்கே தெரிந்திருக்காது.

மத்தியானத்துக்குள் மறுபடியும் போனான். சாயங்காலம் மறுபடியும். ஜீப் ஆளில்லாமல் திரும்பியது.

ஆனாலும் பயம் விடவில்லை. அடுத்த நாள் அவன் போன அளவைப் பார்த்து சுலோச்சனாவே திகைத்தாள். பாத்திரம் பாத்திரமாகப் போயிற்று. உப்பியிருந்த முகம் ஒரே நாளில் ஒட்டிப்போனது.

"இப்ப வேற கவலை" என்றார் டாக்டர். "திறந்துக்கிச்சு, ஆனா நிறுத்தத் தெரியலை. எவ்வளவு போகுதோ அவ்வளவு உள்ள போகணும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி குடுங்க. அவர் வேணாம்னாலும் குடுங்க."

முந்தின நாள் வரை ஒரு மடக்குக்கு அழுதவனுக்கு இப்போது இரண்டு பெண்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊற்றினார்கள். மார்த்தாள் கஞ்சியை ஆற்றிக் கொடுப்பாள். ஞானசுந்தரி அளந்து ஊற்றுவாள். ஒவ்வொரு டம்ளருக்கும் சுலோச்சனாவைப் பார்த்து, "குடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்காமல் அவளால் ஊற்ற முடியவில்லை. சில சமயம் கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகும் கையை நீட்டாமல் நிற்பாள்.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் கட்டிலருகே நின்று சீட்டைப் புரட்டினார்.

"சூளை வேலை இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் யோசிச்சுத்தான். தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றான் அருள்தாஸ்.

"தண்ணி எத்தினி குடுக்கணுங்க இனிமே?" என்று கேட்டாள் ஞானசுந்தரி.

"இனிமே அளக்க வேண்டாம்மா. தாகம் எடுத்தா குடிக்கட்டும். போதும்னா விட்டுடு. அந்தக் கணக்கை உடம்பே பாத்துக்கும்."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மார்த்தாள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். தானே கொடுக்கப் போனவள், நின்று, செம்பை ஞானசுந்தரியிடம் நீட்டினாள். ஞானசுந்தரி அதை வாங்கினாள். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. டம்ளரும் தேடவில்லை. செம்போடு அவன் கையில் கொடுத்தாள்.

அருள்தாஸ் தலையை அண்ணாந்து குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்பில் பாதிக்கு மேல் இருக்கும்போதே கீழே இறக்கி, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் ரவ குடிய்யா" என்றாள் ஞானசுந்தரி.

"போதும்" என்றான் அவன்.

"மெய்யாலுமா?"

"போதும்மே. வயிறு ரொம்பிக்கீது."

அவள் செம்பை வாங்கினாள். உள்ளே மிச்சமிருந்த தண்ணீரைப் பார்த்தாள். மார்த்தாளைப் பார்த்தாள். பிறகு கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழத் தொடங்கினாள்.